ஓபதையா டக்கெட்டின் அடுப்பு

ஓபதையா டக்கெட் என்ற பெயரைக் கெசையா முதன்முதலாகக் கேட்டது ஓட்டு மேடையில்தான். அப்போது அவள் கல்யாணமாகாத பெண், தோல் பதனிடும் ஜோப் ஃப்ரூமின் நடு மகள். சந்தை மைதானத்தில் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். மேலே ஊர்த்தலைவர், நீலக்கட்சிக்கு ஒரு வக்கீல், மஞ்சள்கட்சிக்கு ஒரு வக்கீல், பெயர் கூப்பிடுகிற குமாஸ்தா. கீழே டார்ன்கம் ஊரே நின்றது. ஓட்டுள்ளவன் மேலே ஏறிப்போய், யாருக்குப் போடுகிறேன் என்பதைக் கடைசி வரிசையில் நிற்கிற காது மந்தமான கிழவிக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

"ஓபதையா டக்கெட்! சுண்ணாம்புக் காளவாய்க் கூலி! பாலத்து வரிசை! உன் ஓட்டு யாருக்கு?"

புருவமெல்லாம் வெள்ளைத் தூள் படிந்த ஒருவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டே ஏறினான். அவனுக்கு அதுதான் முதல் ஓட்டு. கீழே தலைகளைப் பார்த்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஓபதையா டக்கெட்" என்றான்.

மைதானம் குலுங்கிப் போயிற்று. "தனக்குத் தானே போட்டுக்கிட்டான்டா!" என்று ஒருவன் கத்தினான். "பார்லிமெண்டுக்குப் போற வழியில நம்ம வீட்டுல ஒரு மூட்டை சுண்ணாம்பு இறக்கிட்டுப் போங்க, மெம்பரே!" என்றான் இன்னொருவன். ஆஷ்மர் பிரபுவின் காரியக்காரர் ராக் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நீலக்கட்சிக்காரர்கள் இருவரின் பெயரையும் எடுத்துக் கொடுத்தார். அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அவன் இறங்கினான். அன்றிலிருந்து ஊருக்கு அவன் மெம்பர்தான். கெசையாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பார்த்தால் படியில் இறங்குகிற அவனும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவனோடு குடித்தனம் பண்ணலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வருஷ அறுவடை முடிந்ததும் கல்யாணம்.

டக்கெட் வீட்டார் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து காளவாய்க்காரர்கள். ஓபதையாவின் அம்மா கேப்பர் வீட்டுப் பெண். அந்த வகையில் பக்கத்து வீட்டு அமோஸ் கேப்பர் அவனுக்கு மாமன் மகன். அமோஸின் பெண்டாட்டி திர்சா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி, வாய் நீளம், கை அதைவிட நீளம்; யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் நிற்பாள்.

பாலத்து வரிசை முழுதும் ஆஷ்மர் பிரபுவின் வீடுகள். ஒற்றை அறை, ஒற்றைச் சன்னல், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல அடுப்பு. பிரபுவின் தாத்தா குடித்தனக்காரர்கள் மேல் இரக்கப்பட்டுக் கட்டியதில்லை அது. டார்ன்கத்தில் ஓட்டு நிலத்துக்கு இல்லை, சொத்துக்கு இல்லை, அடுப்புக்கு. எவனுக்குச் சொந்தமாக ஓர் அடுப்பும், அதில் கொதிக்க ஒரு பானையும் உண்டோ அவனுக்கு ஓட்டு உண்டு. எந்த ராஜா எந்த மயக்கத்தில் அப்படி எழுதிக் கொடுத்தாரோ, லண்டன் பார்லிமெண்டில் டார்ன்கத்துக்கு இரண்டு நாற்காலி. அந்த இரண்டிலும் யார் உட்காருவது என்று தீர்மானித்தது பாலத்து வரிசைப் பானைகள். வாடகை பேருக்குத்தான். பிரபு சொல்கிற ஆளுக்கு ஓட்டு, அதுதான் உண்மையான வாடகை.

ஒரே ஒரு நிபந்தனை. பானை தன் உழைப்பில் கொதிக்க வேண்டும். ஏழைகளுக்கென்று கோயில் கொடுக்கிற தருமத்தில் கை நீட்டியவனுக்கு ஒரு வருஷத்துக்கு ஓட்டு கிடையாது. அதனால் பாலத்து வரிசையில் பட்டினி கிடப்பார்கள், ரொட்டி வாங்கமாட்டார்கள். ரொட்டி வாங்கினால் ஓட்டு போய்விடும், ஓட்டு போனால் வீடு போய்விடும்.

கிழட்டு ராஜா செத்துப்போன அந்தக் குளிர்காலத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில், நீற்றுகிற சுண்ணாம்பு வெடித்து ஓபதையாவின் இடது கண்ணில் தெறித்தது. கண் போயிற்று. ஒற்றைக் கண்ணனைக் காளவாய் விளிம்பில் நிறுத்தமுடியாது என்று முதலாளி கணக்கைத் தீர்த்துவிட்டார். ஊரில் வேறு வேலை இல்லை. வடக்கே மலையில் கல் உடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினான்.

"அடுப்பு மட்டும் அணையவேணாம், கெசி" என்றான் வாசலில் நின்று. "ராக் ஐயா வந்து புகை பாப்பாரு. அணைஞ்ச அடுப்புன்னா ஆளில்லாத வீடுன்னு வேற எவனையாவது கொண்டாந்து உக்கார வெச்சிருவாரு."

"எதப் போட்டுய்யா எரிக்கிறது?"

"எதையாவது. நீ கெட்டிக்காரியாச்சே."

"இந்த வரிசையில புத்தி எரியும்னா இந்நேரம் நான் ஊரையே சூடு பண்ணியிருப்பேன்" என்றாள் அவள். அவன் சிரித்தான். சிரித்தபடியே போனான்.

அவள் ஆற்றோர வேலிக் குச்சியை எரித்தாள். பிறகு முக்காலியை எரித்தாள். பிறகு, முதலில் பிறந்து இறந்துபோன குழந்தைக்கு ஓபதையா செய்த தொட்டிலை எரித்தாள். பானையில் டர்னிப் கிழங்குத் தோலும் தண்ணீரும் கொதித்தன. சில நாள் தண்ணீர் மட்டும் கொதித்தது. புகைபோக்கியில் புகை வந்தால் போதும். ராக் குதிரையில் வருவார், கூரையைப் பார்ப்பார், தலையாட்டிவிட்டுப் போவார்.

உயிரோடிருந்த ஒரே பிள்ளை சூசன். இன்னும் சரியாகப் பேச்சு வராத வயது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவளுக்குத் தொண்டை கட்டியது. மூச்சு இழுக்கிறபோது நாய் குரைப்பதுபோல் சத்தம். விடியற்காலையில் உதடு நீலமாகத் தொடங்கியதும் கெசையா பிள்ளையைத் திர்சாவிடம் போட்டுவிட்டு, கோயில் தருமத்தை விசாரிக்கிற பின்னி வீட்டுக்கு ஓடினாள். காசு கொடுத்து டாக்டரைக் கூப்பிட வழியில்லை. தரும டாக்டர் பின்னி சொன்னால்தான் வருவார்.

பின்னி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார்.

"ரொட்டி வேணாங்க ஐயா, காசும் வேணாம்" என்றாள் மூச்சு வாங்க. "டாக்டர மட்டும் அனுப்பிவிடுங்க. புள்ள நீலம் பாரிக்குது."

"ரொட்டி வேணாம்னு சொல்லிட்டு என் வாசல்ல நின்ன மொத ஆளு நீதான்மா" என்றார் பின்னி. "போ. வருவாரு."

டாக்டர் வந்தார். பிள்ளையைக் கொதிக்கிற பானையின் ஆவியில் பிடிக்கச் சொன்னார், ஒரு குப்பி மருந்து கொடுத்தார். சாயங்காலத்துக்குள் சூசன் கக்கிவிட்டு, பழைய நிறத்துக்கு வந்து, அம்மாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். கெசையா தரையில் உட்கார்ந்து அழுதாள். ரொட்டி தொடவில்லை, காசு தொடவில்லை, பிள்ளை பிழைத்துவிட்டது. அவள் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் திர்சா வந்து அந்தக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது கோயில் மருந்தா?"

"ஆமாக்கா. மருந்து மட்டுந்தான்."

"அடி பைத்தியக்காரி! மருந்தும் தருமந்தான்டி. மேட்டுத்தெரு ஹைடு போன எலெக்ஷன்ல ஓட்டப் பறிகொடுத்தானே, எதுக்குன்னு நெனச்ச? வெரல் நசுங்கி தரும டாக்டர்கிட்ட துணி கட்டிக்கிட்டான். ஒரு முழத் துணி!"

திர்சா சன்னலைத் திறந்து குப்பியை ஆற்றில் வீசினாள்.

"பின்னி கெழவனுக்குப் பாதி ஞாபகம் இருக்காது. டாக்டரு குடிகாரன். நீ வாயத் தெறக்காத. முக்கியமா ஓபதையாட்ட சொல்லித் தொலைக்காத. அவன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும்."

அதில் நியாயம் இருப்பதாகக் கெசையாவுக்குப் பட்டது. ஓபதையா வாரம் தவறாமல் ஜெப வீட்டுக்குப் போகிறவன். வேடிக்கைக்குக்கூடப் பொய் சொல்லமாட்டான். தெரிந்தால் சத்தியம் செய்யமாட்டான். தெரியாமல் செய்தால் அது பொய்ச் சத்தியம் ஆகாது. பாரம் தன் தலையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

கொஞ்ச நாளில் ராஜா செத்துப்போனார். ராஜா செத்தால் பார்லிமெண்டும் கலையும்; புதிதாகத் தேர்தல். ராக் நாலு திசைக்கும் வண்டி அனுப்பி, பிழைக்கப் போன ஓட்டுக்காரர்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஓபதையா வண்டியிலிருந்து இறங்கியபோது தொப்பியில் நீல ரிப்பன், வாயில் பிரபு வாங்கிக் கொடுத்த பீர் வாசனை, உடம்பு பாதி. சூசனைத் தூக்கி, "என்ன இது, எடையே இல்ல" என்றான்.

"உன் எடையப் பாத்தியாய்யா நீ?" என்றாள் கெசையா.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் டார்ன்கத்தில் பானைக் காலை. அடுப்புள்ளவர்கள் எல்லோரும் வாசலில் மூன்றுகால் இரும்பு நட்டு, தீ மூட்டி, பானையைத் தொங்கவிட வேண்டும். இரண்டு கட்சி வக்கீல்களும் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே போவார்கள். அன்று ஆவி வந்த பானைக்கு ஓட்டு உண்டு. முந்தின சாயங்காலமே ராக் பாலத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு பன்றிக்கறி அனுப்பிவிட்டார். கோயில் கொடுத்தால் தருமம். பிரபு கொடுத்தால் விருந்து. அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

மஞ்சள்கட்சி வக்கீல் கிரானக் கெசையாவின் பானை முன் நின்றார். ஒல்லி, மூக்கு எப்போதும் சிவந்திருக்கும், சிரிக்காமலே சிரிப்புக் காட்டுவார்.

"மெம்பர் வீட்டுப் பானையா? உள்ள கொதிக்கிறது பன்னியா, பிரபுவோட தயவா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா" என்றாள் கெசையா. "உப்புத்தான் ஜாஸ்தி."

தெரு சிரித்தது. கிரானக்கும் மூடியைப் போட்டுவிட்டுத் தலையசைத்தார். நகரப் போனவர், வாசற்படியில் சாக்கு போர்த்தி உட்கார்ந்திருந்த சூசனைப் பார்த்தார்.

"புள்ளைக்கு உடம்பு சொகமில்லையோ? இப்ப தேவலையா?"

"தேவலைங்க" என்றாள் கெசையா.

அவர் அடுத்த பானைக்குப் போய்விட்டார். அந்தக் கேள்விதான் அவளை விட்டுப் போகவில்லை. இப்ப தேவலையா என்று ஏன் கேட்டான்? யார் சொன்னது இவனுக்கு? பின்னியா? டாக்டரா? ஓபதையா கறித்துண்டைப் பிய்த்து ஊதி ஊதிப் பிள்ளை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். "பாரு கெசி, முழுங்குறா" என்றான். அவனிடம் சொல்லிவிட வாய் வரை வந்தது. திர்சா பக்கத்து வாசலிலிருந்து தலையை மெல்ல ஆட்டினாள். சொல்லவில்லை.

மறுநாள் ஓட்டு மேடை. பாலத்து வரிசையைக் கூப்பிடப் போகிறார்கள் என்றதும் கெசையா பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினாள். வரிசையில் முதல் வீடு அவர்களுடையது. முதல் பெயர் அவனுடையது. அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே வரவும் குமாஸ்தா கூப்பிடவும் சரியாக இருந்தது.

"மெம்பர் வர்றாருடோய்!" என்று கூட்டம் கூவியது. "இந்தத் தடவையாவது வேற ஆளுக்குப் போடுங்க மெம்பரே!"

ஓபதையா ஒற்றைக் கண்ணால் படியைத் தடவித் தடவி ஏறினான். வாயைத் திறப்பதற்குள் கிரானக் கையை உயர்த்தினார்.

"இந்த ஓட்ட நான் மறுக்கிறேன். இந்த வீட்டுல கோயில் தருமம் நொழைஞ்சிருக்கு. இல்லேன்னா வேதப் புத்தகத்துல கை வெச்சுச் சத்தியம் பண்ணட்டும். பொய்ச் சத்தியம் பண்ணுனா சாட்சி என் கையில இருக்கு. கப்பல் ஏத்தி உலகத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிருவேன்."

மேடைக்குக் கீழே, கிரானக்கின் ஆளுக்குப் பக்கத்தில், பின்னி நின்றுகொண்டிருந்தார். கெசையா அவரைப் பார்த்தாள்.

"தருமமா? எங்க வீட்டுலயா?" ஓபதையா ராக்கைப் பார்த்துச் சிரித்தான். "தாராளமா சத்தியம் பண்றேங்க." புத்தகத்தை நீட்டினார்கள். கையை வைத்தான்.

கை கால் விலங்கோடு அவனைக் கப்பலில் ஏற்றுகிறது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எதிரே இன்னொன்றும் தெரிந்தது: பானையும் பிள்ளையும் தெருவில். இரண்டில் ஒன்றை எடுக்க அவளுக்குக் கொடுத்த நேரம், குமாஸ்தா சத்திய வாசகத்தைச் சொல்ல மூச்சு இழுத்த நேரம்தான்.

"வேணாம்யா!" என்று கத்தினாள். "கைய எடு! கைய எடுய்யா!"

அந்த மைதானத்தில் அதுவரை பெண்குரல் ஒன்று மேடையை நோக்கி எழுந்ததில்லை. எல்லாத் தலையும் திரும்பின.

"நான் மருந்து வாங்கினேன். பின்னி ஐயாட்ட கேட்டு. சூசனுக்கு. நீ மலையில இருந்தப்ப."

ஓபதையா கீழே பார்த்தான். ஒரு கண்ணால் அவளைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ரொட்டியா வாங்குன?"

"இல்ல. மருந்து மட்டும்."

அவன் ஊர்த்தலைவரிடம் திரும்பினான். "ஐயா, மருந்து தருமத்துல சேத்திங்களா?"

"கோயில் காசுல வந்தா சேத்திதான்பா."

ராக் பின்னாலிருந்து, "அவ பைத்தியம்! நீ சத்தியத்தப் பண்ணுடா!" என்றார்.

"அவ பொய் சொல்லமாட்டாங்க" என்றான் ஓபதையா. புத்தகத்திலிருந்து கையை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் மேல்சட்டையில் துடைத்தான். "அப்ப எனக்கு ஓட்டு இல்லீங்க."

கூட்டம் சிரித்தது. யாரோ ஒரு மண்ணாங்கட்டியை எறிந்தார்கள். அவன் இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான். அப்போது அடுத்த பெயர்.

"அமோஸ் கேப்பர்! பாலத்து வரிசை!"

"இந்த ஓட்ட நான் மறுக்கிறேன்" என்றார் கிரானக். "இந்த வீட்டுல கோயில் தருமம் நொழைஞ்சிருக்கு. பொய்ச் சத்தியம் பண்ணுனா சாட்சி என் கையில இருக்கு. கப்பல் ஏத்தி உலகத்துக்கு அந்தப் பக்கம்..."

சொல் மாறாமல் அதே வார்த்தை. அமோஸின் கிழட்டு அம்மா அந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்படி மூலையில் உட்கார்ந்து தரும ரொட்டியைத்தான் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அமோஸ் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வர முத்தமிட்டு, சத்தியம் செய்து, நீலத்துக்குப் போட்டுவிட்டு இறங்கினான். கிரானக் தோளைக் குலுக்கினார். பின்னி ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோல் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். அடுத்த பெயர். அதே வார்த்தை. சத்தியம். அடுத்த பெயர். பாலத்து வரிசை முழுக்க அப்படியே போயிற்று. ஒருவனுக்கும் சாட்சி வரவில்லை. சாட்சி என்று ஒருவர் இல்லவே இல்லை.

கெசையா கடைசிப் பெயர் வரைக்கும் நின்று கேட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஓபதையா முன்னால் நடந்தான். பாலத்தில் ஏறியதும் நின்றான்.

"மருந்து வாங்கத் தெரிஞ்சது. எங்கிட்டச் சொல்லத் தெரியல."

"சொன்னா நீ சத்தியம் பண்ணமாட்டேன்னு..."

"சொல்லாமயே இருந்திருக்கலாம். இல்ல, மொதல்லயே சொல்லியிருக்கலாம். ரெண்டுமில்லாம, ஊரு பூரா வேடிக்க பாக்குறப்பவா?"

"அவன் சாட்சி இருக்குன்னான்யா. கப்பல்னான்."

"கப்பல்ல சோறாவது போடுவான்." அப்படிச் சொன்ன பிறகு அவனுக்கே தாங்கவில்லை. பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டான். "நட" என்றான்.

நீலக்கட்சிக்காரர்கள் இருவரும் ஏகப்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். ஓபதையாவின் ஓட்டு இல்லாததை யாரும் கவனிக்கக்கூட இல்லை. அந்தத் தெம்பில்தான் கெசையா ராக் வந்தபோது வாசலில் மண்டியிட்டாள்.

"அடுத்த வருஷம் ஓட்டு திரும்பி வந்துரும் எசமான். அது வரைக்கும் ஒரு துண்டு ரொட்டி தொடமாட்டோம். செத்தாலும் தொடமாட்டோம். வீட்ட மட்டும் விட்டு வைங்க."

"ராஜா எப்ப சாவாரு, பார்லிமெண்டு எப்ப கலையும்னு எனக்குச் சொல்லிட்டா சாவாங்க?" என்றார் ராக். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்கு ஒவ்வொரு அடுப்புக்கும் ஓட்டு வேணும். உன் அடுப்புல அது இல்ல. அது மட்டுமில்ல. மேடைக்கு முன்னால நின்னு நெசம் பேசுற பொம்பளைய வரிசையில வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அடுத்த தடவ கேப்பர் வீட்டுக் கெழவியப் பத்திப் பேசுவ."

"பேசமாட்டேன் எசமான். சாமி சத்தியமா."

"உன் வீட்டுச் சத்தியம் எப்படியிருக்கும்னு பாத்தாச்சு."

வசந்தத்தில் குத்தகைக் கணக்குத் தீர்க்கிற நாளன்று ராக்கின் ஆட்கள் வந்தார்கள். கட்டில் பலகை, போர்வை, பானை எல்லாம் தெருவுக்கு வந்தன. அன்று சாயங்காலமே ராக் ஒரு செருப்புத் தைப்பவனைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடிவைத்தார். அவன் அடுப்பு மூட்டியதும் புகை வந்தது. திர்சா வாசலில் நின்று, "எங்க வீட்டுல படுத்துக்கங்கடி" என்றாள். அமோஸ் உள்ளேயிருந்து, "ரெண்டு குடித்தனத்துல யாரு அடுப்புன்னு ராக் ஐயா கேட்டா என்ன சொல்லுவ?" என்றான். திர்சா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான் என்று சொல்வார்கள்.

கொஞ்ச நாள் காளவாய்ச் சுவரின் வெளிப்பக்கத்தில், கல் சூட்டில் படுத்தார்கள். அங்கே தூங்கி, புகை மூச்சடைத்துச் செத்தவர்களை ஓபதையாவே தூக்கியிருக்கிறான். அதனால் அவன் தூங்கவில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் இருவரையும் எழுப்பி இடம் மாற்றினான். சூசனுக்கு மறுபடி இருமல் கண்டது. அன்று காலை அவனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னி வீட்டுக்குப் போனான்.

"இப்ப ரொட்டியும் வேணுங்க" என்றான். "இனிமே எங்களுக்குத் தடையில்ல."

பின்னி ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஓபதையா அதை மூன்றாகப் பிய்த்தான். சின்னத் துண்டை வாயில் போட்டு, வாசற்படியிலேயே நின்று மென்றான். விழுங்க வெகு நேரம் ஆயிற்று. கெசையா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயில் அவர்களை ஏழையர் வீட்டில் சேர்த்தது. ரோட்டுக்குக் கல் உடைத்தால் சாப்பாடு. கல்தூளில் மற்றக் கண்ணும் மங்கியது. ஒரு வருஷம் தருமம் தொடாமல் இருந்துவிட்டால் ஓட்டு திரும்பும், ஓட்டு திரும்பினால் ஏதாவது ஓர் அடுப்பு கிடைக்கும் என்று முதலில் கொஞ்ச காலம் பேசினான். ஒரு மாதம்கூடத் தொடாமல் இருக்க முடியவில்லை. பிறகு பேசவில்லை. சூசன் பிழைத்து வளர்ந்து பிரிஸ்டலில் ஒரு வியாபாரி வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே கப்பல் தச்சன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பெரிய பையனுக்கு ஜோப் என்று கெசையாவின் அப்பன் பெயர். அம்மாவுக்கு வருஷத்துக்கொரு முறை துணி அனுப்புவாள்.

சீர்திருத்தச் சட்டம் வந்த வருஷம் அடுப்பு ஓட்டை எடுத்துவிட்டார்கள். டார்ன்கத்தின் இரண்டு நாற்காலியில் ஒன்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். நல்ல வாடகை பெறுமான வீட்டில் குடியிருக்கிறவனுக்குத்தான் இனி ஓட்டு. பழைய அடுப்புக்காரர்களில் அன்று ஓட்டு வைத்திருந்தவன் மட்டும் தன் ஆயுசு வரை வைத்துக்கொள்ளலாம். பாலத்து வரிசையால் இனி பிரயோசனமில்லை என்று பிரபு அதைத் தரைமட்டமாக்கி அங்கே ஆடு மேய விட்டார். அந்த வரிசையில் வாய் கூசாமல் சத்தியம் செய்தவர்கள் எல்லோரும், பிறகு குடிவந்த செருப்புத் தைப்பவனும், ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். அமோஸ் மட்டும் மகள் வீட்டுப் பின்கட்டில் தனி அடுப்பு போட்டு, சாகிற வரை ஒவ்வொரு தேர்தலுக்கும் பானையை வாசலில் தொங்கவிட்டான். பார்க்க யாரும் வருவதில்லை.

அதைக் கேள்விப்பட்ட அன்று கெசையா ஓபதையாவிடம் சொன்னாள்: "பாத்தியாய்யா, எப்படியும் போயிருக்கும் அந்த வீடு."

"பன்னெண்டு வருஷம் கழிச்சுத்தான போயிருக்கும்" என்றான் அவன். "பன்னெண்டு வருஷம், கெசி."



பிறகு குன்றின்மேல் புதுப் பெரிய ஏழையர் விடுதி கட்டினார்கள். அங்கே புருஷனுக்கு ஒரு பக்கம், பெண்டாட்டிக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் மட்டும் ஒருவரையொருவர் பார்க்கலாம்; அவனுக்குப் போகப்போக அதுவும் தெரியாமல் போயிற்று, கண் முழுதாகப் போய்விட்டது. கெசையா இருமினால் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவான்.

ஓபதையா டக்கெட் இப்போது டார்ன்கம் ஏழையர் விடுதியில், ஆண்கள் பக்கம், கீழ்த்தளத்தில் நோயாளிகள் அறையில் படுத்திருக்கிறான்.